விமான நிலையத்தில் சிக்காத காய்ச்சல்

2009 மே மாதம் அமெரிக்காவிலிருந்து திரும்பிய 21 வயது மாணவர் ஒருவர் கோலாலம்பூர் விமான நிலையத்தில் வந்திறங்கினார். பயணிகளின் உடல் வெப்பத்தைக் கருவிகள் கண்காணித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவருக்கு அப்போது காய்ச்சல் இல்லை. வந்து சேர்ந்த பிறகுதான் உடம்பு கொதித்தது. மே 15ஆம் தேதி, நாட்டின் முதல் எச்1என்1 சளிக்காய்ச்சல் நோயாளி சுங்கை பூலோ மருத்துவமனையில் இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது.

கருவியைக் குறை சொல்ல முடியாது. சளிக்காய்ச்சல் கிருமி புகுந்தவருக்கு இருமலோ காய்ச்சலோ தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றக்கூடும். எல்லையில் போடும் காவல் நோயைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கிடைக்கும் அந்த இடைவெளியில் ஊருக்குள் என்ன ஏற்பாடு நடக்கிறது என்பதே முக்கியம்.

ஏற்பாடு பலித்த கதையும் இங்கேயே உண்டு. 2006 பிப்ரவரியில் செத்தாப்பாக் பக்கத்துக் கிராமங்களில் நாட்டுக்கோழிகள் செத்து விழுந்தன. எச்5என்1 பறவைக் காய்ச்சல்! தகவல் உரிய நேரத்தில் போனதால் கோழிகள் அழிக்கப்பட்டன. அக்கம்பக்கத்தாரின் உடல்நிலையும் கண்காணிக்கப்பட்டது. மனிதர் எவருக்கும் அது தொற்றவில்லை. மறு ஆண்டு சுங்கை பூலோ வட்டாரத்தில் அது மீண்டும் தலைகாட்டியபோதும் அப்படியே.

1918இல் உலகெங்கும் சளிக்காய்ச்சல் பரவியபோது மலாயாவுக்கு இந்த வாய்ப்பு இருக்கவில்லை. தடுப்பூசி கிடையாது, கிருமி எதுவென்றே யாருக்கும் தெரியாது. ரப்பர் தோட்டங்களின் நெருக்கமான லயங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள்.

இன்று லயங்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். நெரிசல் மட்டும் குறையவில்லை. 2025 அக்டோபரில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 மாணவர்களுக்குச் சளிக்காய்ச்சல் கண்டு சில பள்ளிகள் மூடப்பட்டன. சிலாங்கூரில்தான் பாதிப்பு அதிகம். காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரைத் திட்டுவது எளிது. ஆனால் கிள்ளானில் நாள் கூலிக்குப் போகும் தாய் பிள்ளையோடு வீட்டில் இருந்தால் அன்றைய சம்பளம் போச்சு. சட்டம் தரும் மருத்துவ விடுப்பு (எம்.சி.) தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான், பிள்ளையின் காய்ச்சலுக்கு அல்ல. இந்த ஓட்டையை அடைக்காமல், காய்ச்சல் வந்தால் வீட்டிலிரு என்று சுவரொட்டி ஒட்டுவதில் என்ன பயன்?

தடுப்பூசி விஷயத்திலும் கவனம் தேவை. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இனிப்புநீர், இருதய நோய் உள்ளவர்களுக்குச் சளிக்காய்ச்சல் நிமோனியாவாக முற்றும் ஆபத்து கூடுதல். 60 வயதோ அதற்கு மேலோ ஆகி இத்தகைய நோயுள்ளவர்களுக்கு 2025 முதல் அரசு கிளினிக்குகளில் ஊசி இலவசம். மைசெஜாத்ரா செயலியில் பதிய வேண்டும். கைப்பேசி பழகாத பாட்டி தாத்தாக்களுக்குப் பேரப்பிள்ளைகள் பதிந்து கொடுக்கலாம்; பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கோயில்களில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு மேசை போட்டு இளைஞர் அணியினரும் செய்து தரலாம்.