எலும்புக்கு உறை ஊற்றுவது எப்படி?

வாசகி ஒருவர் ஒரு விற்பனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றப்போகிறார்கள். தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டில் ‘எச்.ஏ. கோட்டிங்’ போட்டிருந்தால் சிமென்ட் இல்லாமலே எலும்பு வந்து பிடித்துக்கொள்ளுமாம், ஆயுளும் கூடுமாம். நிஜமா என்று கேட்கிறார்.

பாதி நிஜம்.

எச்.ஏ. என்றால் ஹைட்ராக்ஸிஅபடைட், நம் எலும்பில் உள்ள தாதுவின் நெருங்கிய சொந்தம். இதன் தூளைப் பத்தாயிரம் டிகிரியையும் தாண்டும் பிளாஸ்மா சுடருக்குள் ஊதுகிறார்கள். உருகிய துளிகள் டைட்டானியத்தின்மேல் சப்பென்று அப்பி, அந்த நொடியே இறுகிவிடுகின்றன. பூச்சின் தடிமன் ஏறத்தாழ ஒரு தலைமுடி அளவுதான். பார்த்தால் வெள்ளையடித்த சுவர் மாதிரி மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும்.

அவசரமாக இறுகுவதால் ஒரு பகுதி படிகமாக ஒழுங்குபடாமல் நின்றுவிடுகிறது. உடலுக்குள் போனதும் முதலில் கரைவது அந்தப் பகுதிதான். பூச்சு கரைந்தால் நஷ்டம் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். கரைந்தால்தான் காரியமே நடக்கும்!

நம் உடல் திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே விளிம்புவரை இருக்கின்றன. வெதுவெதுப்பான பால் மாதிரி அது உறையத் தயார், ஆனால் தானாக உறையாது. பூச்சு கொஞ்சம் கரைந்து உறைமோர் விடுகிறது. உடனே எலும்பில் இருப்பதைப் போன்ற நுண்படிகங்கள் பூச்சின்மேல் படிகின்றன. அவற்றில் புரதங்கள் ஒட்ட, எலும்பு செல்கள் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்குகின்றன.

உறை ஊற்றிய பாத்திரத்தை ஆட்டக் கூடாது அல்லவா? இங்கும் அதே கதை. தண்டு 150 மைக்ரான் அளவுக்கு அசைந்தாலே எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். அதனால்தான் அறுவை மருத்துவர் தண்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குகிறார். பூச்சு சீக்கிரம் கரைந்தால் எலும்பு வருவதற்குள் காலி. கரையவே மறுத்தால் சும்மா கிடக்கும். மண்சட்டித் தயிர் கெட்டியாக இருப்பதுபோல, பூச்சுக்கு அடியில் உலோகமும் சொரசொரப்பாக இருந்தால் பிடிப்பு கூடும். இனியும் இழுத்தால் வெண்ணெய், நெய் வரை போய்விடுவேன். தவிர, உறைமோரில் உயிர் உண்டு, இந்தப் பூச்சில் இல்லை. இங்கே உயிர் வந்து சேர்ந்தால் அது தொற்று உண்டாக்கும் பாக்டீரியாதான். எலும்பு செல்லுக்குப் பிடித்த சொரசொரப்பு அதற்கும் பிடிக்கும். அதைத் தடுக்க எச்.ஏ. ஒரு துரும்பைக்கூட அசைக்காது.

வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார் என்பதால் இரண்டு வரி: எலும்போடு ஒட்டும் கண்ணாடியை 1969இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செய்துகாட்டியவர் லாரி ஹென்ச். எச்.ஏ. பூசிய இடுப்புத் தண்டை 1985இல் லண்டனில் பொருத்தியவர் ரொனால்ட் ஃபர்லாங்.

சரி, ஆயுள் கூடுமா? ஸ்வீடனில் மூட்டு மாற்றியவர்களை நாடு முழுவதும் பதிவேட்டில் தொடர்கிறார்கள். அங்கே ஒரே மாடல் தண்டைப் பூச்சோடும் பூச்சில்லாமலும் வைத்த 4,772 இடுப்புகளை ஒப்பிட்டு 2011இல் கட்டுரை வந்தது. ஆயுளில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. அதற்கு முந்தைய வருடம் வந்த கட்டுரை இன்னும் சங்கடம்: மூட்டின் கிண்ணப் பகுதியில் பூச்சு போட்டவைதான் தளர்ந்துபோய் மறுபடி மாற்றும் நிலைக்கு அதிகம் வந்திருந்தன. உறைவது வேறு, கெடாமல் இருப்பது வேறு.

ஆகவே வாசகியே, அம்மாவின் டாக்டரிடம் பூச்சைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்த மாடல் தண்டு பத்து வருடத்தில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தாங்கியது என்று கேளுங்கள். நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். பளபளக்கும் தண்டு, சிரிக்கும் பாட்டி எல்லாம் இருக்கிறது, அந்த எண் மட்டும் இல்லை.