காட்டுக்கும் சீசன் உண்டு



மளிகைத் தொழிலில் இருக்கும் நமக்குச் சீசன் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுத் துவரை எப்போது வரும், மிளகாய் வரத்து எப்போது கூடும், எந்த மாதத்தில் வெல்லம் இளகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். ஆனால் குடும்பத்தோடு வெளியூர் புறப்படும்போது மட்டும் அந்தக் கணக்கை மறந்து விடுகிறோம். கடை எப்போது ஓய்கிறதோ அப்போது கிளம்புகிறோம். வனவிலங்கு சரணாலயத்திற்குப் போய் இரண்டு மானையும் நான்கு குரங்கையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். வருடத்தில் நான்கு நாள் கடையைச் சாத்துவதே நமக்குப் பெரும்பாடு. அந்த நான்கு நாளும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

தண்ணீர்தான் கணக்கு

காட்டில் விலங்கு இருப்பது வேறு, நம் கண்ணில் படுவது வேறு. மழைக்காலத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர், ஆளுயரப் புல். விலங்குகள் திசைக்கொன்றாகப் பிரிந்து போய்விடும். பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. வறட்சிக் காலத்தில் இலை உதிர்ந்து, புல் காய்ந்து, குட்டைகள் வற்றிவிடும். தண்ணீர் மிஞ்சியிருக்கும் ஓரிரு இடங்களுக்கு எல்லா விலங்கும் வந்தே தீர வேண்டும். ஊரில் ஒரு கடை மட்டும் திறந்திருந்தால் கூட்டம் எங்கே நிற்கும்? அதே கதைதான்.

நீர்ப்பறவைகளுக்கு இது தலைகீழ். ஏரி நிரம்பினால்தான் அவை வரும். விலங்குக்கு வறட்சி, பறவைக்கு நிறைந்த ஏரி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நம் வியாபார நாள்காட்டியைப் புரட்டுவோம்.

மார்கழி: கடையைச் சாத்த வேண்டாம்

தீபாவளி முடிந்து பொங்கல் சரக்கு இறங்கும் வரை நமக்குச் சற்று மூச்சு விட நேரம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பி, வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்கும் காலமும் அதுவே. இதற்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரி இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரியான இது 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த பெரிய ஏரி நம் பாகூர் ஏரி. கூழைக்கடா, அரிவாள் மூக்கன், ஊசிவால் வாத்து, நாமக்கோழி எல்லாம் காலை ஆறு மணிக்குப் போனால் காணலாம். எட்டரைக்குள் திரும்பிக் கடையைத் திறந்து விடலாம். வெளியூர்க்காரர் காசு செலவழித்து வந்து பார்ப்பதை, பக்கத்திலேயே இருக்கும் நம்மில் பலர் பார்த்ததில்லை.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் வேடந்தாங்கல் போகலாம். மரக்காணம் அருகே கழுவேலியும் இருக்கிறது. அது 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

கோடை: முதுமலையும் கபினியும்

பிள்ளைகளுக்கு விடுமுறை கோடையில்தான். வெயிலுக்குப் பயந்து பலர் காட்டை ஒதுக்கிவிட்டு ஊட்டியோடு நின்று விடுகிறார்கள். விலங்கு பார்க்க அந்த வெயிலே நமக்குச் சாதகம். கர்நாடகத்தில் நாகரஹொளெ காட்டை ஒட்டிய கபினி நீர்த்தேக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வடிந்து கரையில் பசும்புல் தளிர்க்கும். அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்குமாக யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும்.

முதுமலையும் கோடையில் நல்லதே. ஆனால் வறட்சி மிகுந்த ஆண்டுகளில் காட்டுத் தீ அபாயம் கருதிச் சில வாரங்கள் சுற்றுலாவை நிறுத்தி விடுவதுண்டு. நீலகிரிக்குச் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. இரண்டையும் விசாரித்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

ஆடி: ஆப்பிரிக்கா

ஆடியில் கல்யாண ஆர்டர் கிடையாது. கூழ் வார்த்தலுக்குக் கேழ்வரகு போவதோடு சரி. நமக்கு மந்தமான இந்த மாதம்தான் கென்யா நாட்டின் மாசாய் மாராவுக்கு நல்ல சீசன் என்பதைப் பலர் அறியார். தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளியிலிருந்து பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் புல்லைத் தேடி வடக்கே நகர்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை அவை மாரா ஆற்றைக் கடக்கும். ஆற்றில் முதலை, கரையில் சிங்கம். எந்த நாளில் கடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகையால் மூன்று, நான்கு நாளாவது அங்கே தங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவிலும் மே முதல் செப்டம்பர் வரை வறட்சிக் காலமே.

நம் கம்யூன்களில் பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் அநேகம். அவர்களுக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் நீண்ட விடுமுறை. இரு தரப்பும் நைரோபியில் சந்திப்பது நடவாத காரியம் அல்ல. அங்கே சைவச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. குஜராத்தி வியாபாரிகள் பல தலைமுறைக்கு முன்பே போய்க் கடை வைத்த நாடு அது. அந்த ஊர் சுவாஹிலி மொழியில் கடைக்கு 'டூகா' என்றே பெயர். இந்திக்காரர் சொல்லும் 'துகான்' அதற்கு உறவுச் சொல்.

கென்யா செல்வோர் பத்து நாளுக்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்று பெற வேண்டும். சான்று இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே தடுத்துத் தனிமையில் வைத்து விடுவார்கள். மாராவில் காலையில் குளிர் அடிக்கும். ஸ்வெட்டர் அவசியம்.

மலிவு என்றால் ஏன் என்று கேளுங்கள்

பிள்ளைகளின் விடுமுறையைக் குறிவைத்து, ஏப்ரல், மே மாதத்திற்குக் கென்யாப் பயணம் பாதி விலை என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். பாதை சேறாகும், புல் உயர்ந்திருக்கும். மூட்டைக்கு இருநூறு ரூபாய் குறைத்து ஒருவன் பருப்புத் தர வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. பயணத்திற்கும் அதையே செய்ய வேண்டும். "அந்த மாதத்தில் அங்கே மழை உண்டா? தண்ணீர் எங்கே நிற்கும்? விலங்கு எங்கே கூடும்?" இந்த மூன்று கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் மட்டும் முன்பணம் கொடுக்கலாம்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் நம் முன்னோர். பயணத்திற்கும் பட்டம் உண்டு. முதலில் மாதத்தை நிச்சயம் செய்வோம், அப்புறம் ஊரை, கடைசியில் விலையை. ஆப்பிரிக்கா எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஊசுட்டேரிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போதும். வருகிற மார்கழியில் ஒரு ஞாயிறு காலை பேரப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்குவோம்.