உதட்டுப் புண்ணும் தாடையடி நெறியும்

புனேயில் வாழும் தமிழ் மக்கள், வறுத்துப் பொடித்த புகையிலையாகிய மிஷ்ரியைப் பல்லில் தேய்ப்பாரையும், சுண்ணாம்பு கலந்த புகையிலையைக் கீழுதட்டினுள் அடக்குவாரையும் அன்றாடம் காண்கின்றனர். நம்மவருள்ளும் அப்பழக்கம் உடையோர் உளர். அதனால் விளையும் புற்றுநோய் உதட்டோடு நிற்குமா, கழுத்துக்கு இறங்குமா என்பதே உயிரைப் பற்றிய வினா.

உதட்டின் நிணநீர், மோவாய்க்கும் தாடைக்கும் கீழுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு வடிகின்றது. நோயணுக்கள் செல்லும் வழியும் அதுவே. அப்பரவலுக்கு ஏதுவாவன சில: கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் அகன்றிருத்தல், இரு உதடுகளும் கூடும் மூலையைப் பற்றுதல், நரம்பைச் சுற்றிப் படர்தல், அணுக்கள் இயல்பான உருவை மிகவும் இழந்திருத்தல், சிகிச்சைக்குப்பின் மீண்டும் தோன்றுதல். இவற்றோடு முதன்மையானது ஆழம். மேலே சிறிதாகத் தோன்றும் புண்ணும் உள்ளே வேரோடியிருக்கலாம்.

கணு வீங்கட்டும் எனக் காத்திருக்கலாமா? வாயினுள் தொடக்க நிலைப் புற்றுடையோரை ஆராய்ந்து, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 2015-இல் முடிவு வெளியிட்டனர். கழுத்துக் கணுக்களையும் முதலிலேயே அகற்றிக்கொண்டோருள் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டுக்குப் பின்னும் உயிருடனிருந்தனர். வீங்கியபின் அகற்றக் காத்திருந்தோருள் 67.5 விழுக்காட்டினரே. உதட்டின் வெளிவிளிம்பில் தோன்றும் புற்று இத்துணை எளிதில் பரவுவதில்லை. எனினும் மேற்கூறிய அடையாளங்கள் இருப்பின், கழுத்துக்கும் சிகிச்சை வேண்டுமா என மருத்துவர் ஆராய்வர்.

சாதாரணப் புண்ணால் கட்டும் நெறி பெரும்பாலும் வலிக்கும். புற்றால் தடித்த நெறி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே, மூன்று வாரத்தில் ஆறாத உதட்டுப் புண்ணையும் தாடையடியில் வலியின்றித் தடித்த நெறியையும் உடனே மருத்துவரிடம் காட்டுக. புகையிலையை இன்றே விடுக.