விமானத்திற்கும் உண்டு சாப்ட்வேர் அப்டேட்!

பாரிவாக்கத்தில் எங்கள் தெருவில் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர், "அப்டேட் செய்தால் பிழை சரியாகிவிடும் என்கிறார்களே, நம்பலாமா சார்?" என்று கேட்டார். அவருக்கு நான் போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் கதையைச் சொன்னேன்.

என்ன பிழை?

2018 அக்டோபர் 29-ல் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியாவிலும் இந்த ரக விமானங்கள் விழுந்து மொத்தம் 346 பேர் இறந்தனர். இரண்டிலும் எம்கேஸ் என்ற சாப்ட்வேருக்குப் பங்கு இருந்தது. விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் உயர்ந்தால் அதைக் கீழே இறக்குவது இதன் வேலை. விமானத்தில் இரண்டு சென்சார்கள் இருந்தும், ஒன்றின் தகவலை மட்டுமே இது எடுத்துக்கொண்டது. அந்த ஒன்று தவறான அளவைக் கொடுத்ததும், மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. தவறான தகவலை உள்ளே கொடுத்தால் தவறான விடைதான் வெளியே வரும். கம்ப்யூட்டரின் பாலபாடம் இது.

அப்டேட்டில் என்ன மாற்றினார்கள்?

இப்போது சாப்ட்வேர் இரண்டு சென்சார்களையும் ஒப்பிடுகிறது. இரண்டும் அதிகம் வேறுபட்டால் எம்கேஸ் வேலை செய்யாது. மூக்கு உயரும் ஒவ்வொரு நிகழ்விலும் ஒருமுறை மட்டுமே இயங்கும். விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயமாக்கப்பட்டது.

யார் சரிபார்த்தது?

வழக்கமாக அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. சான்றளித்தால் மற்ற நாடுகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இந்த விமானத்தின் முதல் பரிசோதனையில் பெரும்பகுதியை போயிங் ஊழியர்களிடமே எஃப்.ஏ.ஏ. விட்டிருந்தது தெரிய வந்தது. எனவே இம்முறை ஐரோப்பாவும் கனடாவும் தாங்களே சோதித்தன. எஃப்.ஏ.ஏ. தலைவர் ஸ்டீவ் டிக்சன், 2020 செப்டம்பரில் தானே விமானத்தை ஓட்டிப் பார்த்தார். அமெரிக்கா 2020 நவம்பர் 18-லும், ஐரோப்பா 2021 ஜனவரி 27-லும் அனுமதி தந்தன. 2019 மார்ச்சில் தடை விதித்த நமது டி.ஜி.சி.ஏ., மற்ற நாடுகளின் அனுபவத்தையும் கவனித்து, 2021 ஆகஸ்ட் 26-ல்தான் நிபந்தனைகளோடு தடையை நீக்கியது.

வீட்டு கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம். நடுவானில் அது முடியாது. அதனால்தான், தயாரித்தவர் "சரியாகிவிட்டது" என்று சொல்வது மட்டும் போதாது. இன்னொருவரும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னேன்: "அப்டேட்டை நிறுத்தாதீர்கள். அதற்கு முன் முக்கியமான பைல்களை பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் திறக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்."