இரத்த வகையை எழுதும் சர்க்கரை

இரத்த தான முகாமில் விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் சோதித்து, 'ஏ பாசிட்டிவ்' என்று எழுதித் தருகிறார்கள். அந்த 'ஏ' என்பது என்ன? நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் எஸ்.டி.பி.எம். உயிரியல் மாணவர்களிடம் இதைக் கேட்டால், "சிவப்பணுவின் மேல் உள்ள ஆன்டிஜென், சார்" என்று உடனே பதில் வரும். அந்த ஆன்டிஜென் எதனால் ஆனது என்று அடுத்த கேள்வி கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். புரதம் என்று சிலர் ஊகிப்பார்கள். சரியான விடை, சர்க்கரை.

சர்க்கரை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை தே தாரிக்கும் நீரிழிவும்தான். பள்ளியில் அதை எரிபொருளாகப் படிக்கிறோம். உயிரணுவுக்கோ சர்க்கரை கட்டுமானப் பொருள். அடையாளம் எழுதும் மை. கழிவை வெளியேற்றும் கருவி. இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் நியூக்ளியோடைட் சர்க்கரை என்ற மூலக்கூறுகள் இருக்கின்றன. மாணவர்கள் இவற்றை அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவது தேர்வுக்காக மட்டும் அன்று. ஒரு பச்சிளம் குழந்தையின் செவித்திறனையே காக்கக்கூடிய அறிவு இதில் இருக்கிறது.

முதலில் அடிப்படை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இன்னொன்றுடன் தானாகச் சேராது. சேர்ப்பதற்கு ஆற்றல் வேண்டும். அதனால் உயிரணு அதை ஒரு நியூக்ளியோடைட்டுடன் இணைத்து வைக்கிறது. ஆர்.என்.ஏ.வில் 'யூ' என்ற எழுத்தாகப் படிக்கிறோமே, அந்த யூரிடின் வகைதான் இங்கு அதிகம் பயன்படுகிறது. அப்படிக் கிடைப்பதே யூ.டி.பி. குளுக்கோஸ். நெடுஞ்சாலையில் டச் அண்ட் கோ அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் முன்கூட்டியே அட்டையில் ஏற்றப்பட்டிருக்கும்; சாவடியில் அட்டையைக் காட்டினால் தடுப்பு திறக்கும். அதேபோல ஆற்றல் முன்கூட்டியே ஏற்றப்பட்ட சர்க்கரையை நொதி அடையாளம் கண்டு, வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டு, அட்டையை மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறது. மனித உடலில் இத்தகைய நியூக்ளியோடைட் சர்க்கரைகளில் முதன்மையானவை ஒன்பது.

இதைக் கண்டறிந்தவர் லூயிஸ் லெலுவார். 1906இல் பாரிஸில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். மருத்துவம் படித்து மருத்துவமனையில் பணியாற்றிய பின் ஆய்வுக்கூடத்திற்கு மாறினார். வசதிகள் குறைவு. ஆரம்பகால ஆய்வுகளில் சுழற்கருவியைக் குளிர்விக்க இயந்திரம் இல்லாததால், டயருக்குள் உப்பும் பனிக்கட்டியும் திணித்துச் சமாளித்தார்களாம். 1947இல் புவனோஸ் ஐரிஸில் ஒரு நெசவாலை அதிபரின் நிதியுதவியால் தொடங்கப்பட்ட சிறிய ஆய்வுக் கழகத்துக்கு அவர் தலைமை ஏற்றார்.

அங்கே அவரது குழு எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. பாலில் உள்ள கேலக்டோஸை ஈஸ்ட் எப்படிக் குளுக்கோஸாக மாற்றுகிறது? இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நான்காவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டுமே. இந்த மாற்றத்துக்கு நொதியுடன் வேறொரு பொருளும் தேவைப்பட்டது. அதைப் பிரித்தெடுத்தபோது கிடைத்ததுதான் யூ.டி.பி. குளுக்கோஸ். 1950இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். சாப்பிட்டபின் நம் கல்லீரலும் தசையும் கிளைகோஜனைச் சேமிப்பதும் இந்த மூலக்கூற்றிலிருந்துதான் என்று 1957இல் காட்டினார்கள். 1970ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு லெலுவார் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

இப்போது இரத்த வகைக்கு வருவோம். நம் சிவப்பணுக்களின் மேல் 'எச்' எனப்படும் ஒரு சிறு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதன் நுனியில் என்-அசெட்டில் கேலக்டோஸமின் என்ற சர்க்கரை ஒட்டினால் ஏ வகை. கேலக்டோஸ் ஒட்டினால் பி வகை. இரண்டையும் யூ.டி.பி.தான் சுமந்து வருகிறது. ஒட்டும் நொதியில் மொத்தம் 354 அமினோ அமிலங்கள். ஏ நொதிக்கும் பி நொதிக்கும் இடையே மாறுவது நான்கே நான்கு. ஓ வகையினரிடம் இந்த நொதி வேலை செய்வதில்லை. அதனால் சங்கிலி 'எச்' நிலையிலேயே நின்றுவிடுகிறது.

அந்த 'எச்' சங்கிலியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அதை முடிக்க ஃபியூகோஸ் என்ற சர்க்கரை வேண்டும்; அதைச் சுமந்து வருவது ஜி.டி.பி. ஒட்ட வேண்டிய நொதி செயலிழந்திருந்தால் 'எச்' உருவாகாது. 1952இல் பம்பாயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதால் இதற்குப் 'பம்பாய் வகை' என்று பெயர். வழக்கமான சோதனையில் இவர்கள் ஓ வகை போலத் தெரிவார்கள். ஆனால் ஓ வகை இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. மிக அரிதான இந்த வகை, இந்திய வம்சாவளியினரிடம் மற்ற பலரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இரத்தம் ஏற்றும் முன் பொருத்தம் பார்ப்பது வெறும் சடங்கு அன்று என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அடுத்தது, நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. பிறந்த சில நாட்களில் குழந்தையின் தோலும் கண்ணும் மஞ்சளாகிவிடும். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவு உண்டாகிறது. அது நீரில் கரையாது. யூ.டி.பி. குளுக்குரோனிக் அமிலம் என்ற நியூக்ளியோடைட் சர்க்கரையிலிருந்து குளுக்குரோனிக் அமிலத்தை எடுத்து, கல்லீரல் பிலிருபினுடன் இணைக்கிறது. அதன்பின் அது நீரில் கரைந்து, பித்தநீர் வழியாக வெளியேறுகிறது. புதிதாய்ப் பிறந்த குழந்தையிடம் இந்த இணைப்பைச் செய்யும் நொதி மிகக் குறைவு. நாளடைவில் கூடிவிடும் என்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு மஞ்சள் தானாக மறையும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி நடப்பதில்லை. பிலிருபின் அளவு மீறினால் மூளைக்குள் புகுந்து செவித்திறனையும் உடல் அசைவையும் நிரந்தரமாகப் பாதிக்கலாம். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் வேகமாக உடைவதால் ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் இருக்கும் வீட்டில் துணி அலமாரியில் அந்துருண்டை வைப்பதுகூடக் கூடாது.

"காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டு, சரியாகிவிடும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. அந்த வடிவம் குளுக்குரோனிக் அமிலம் இல்லாமலேயே வெளியேறும். மருத்துவமனையின் நீல ஒளி விளக்கும் இதைத்தான் செய்கிறது. ஆனால் விளக்கின் அளவு கணக்கிடப்பட்டது, வெயிலுக்கு அளவில்லை. நம் நாட்டு வெயில் குழந்தையின் தோலைச் சுட்டுவிடும், நீர்ச்சத்தையும் வற்றவைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிலிருபின் எவ்வளவு என்பதை வெயில் சொல்லாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் தாதி கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொன்னால், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்திருக்கும் வீட்டில், இதை எடுத்துச் சொல்லக்கூடியவர் உயிரியல் படிக்கும் நீங்களாக இருக்கலாம்.

மனித உடலோடு இந்தக் கதை முடியவில்லை. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தை நெற்பயிர் ஏ.டி.பி. குளுக்கோஸிலிருந்து கட்டுகிறது. மரத்தின் செல்லுலோஸ் யூ.டி.பி. குளுக்கோஸிலிருந்து வருகிறது. இறால் ஓட்டிலுள்ள கைட்டினுக்கும் யூ.டி.பி. சுமந்து வரும் சர்க்கரையே மூலப்பொருள். பெனிசிலின் கொடுக்கப்பட்ட கிருமிகளுக்குள் யூரிடின் சேர்ந்த விநோதமான சர்க்கரைகள் குவிவதை ஜேம்ஸ் பார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டார். கிருமி தன் சுவரைக் கட்ட வைத்திருந்த செங்கற்கள் அவை. சுவர் வேலையைப் பெனிசிலின் நிறுத்தியதால் செங்கற்கள் தேங்கிக் கிடந்தன.

உயிரியல் என்றாலே மருத்துவர் ஆவதற்கான படிக்கட்டு என்று நம் பெற்றோர்களில் பலர் நினைக்கிறார்கள். மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் என்னிடம் வந்து கலங்குகிறார்கள். அவர்களுக்கு நான் லெலுவாரைப் பற்றிச் சொல்வதுண்டு. மருத்துவராக அவர் சில நூறு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்திருக்கலாம். ஈஸ்டில் அவர் தேடிக் கண்டெடுத்த விடையோ, உலகெங்கும் மஞ்சள் பாய்ந்த குழந்தைகளையும் இரத்த வங்கிகளையும் புரிந்துகொள்ள உதவிக்கொண்டிருக்கிறது. உயிர்வேதியியல் படிப்பு நம் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. விண்ணப்பப் பாரத்தை நிரப்பும்போது அந்த வரியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.