உங்களுக்குத் தெரியுமா? உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர்

● புங்குடுதீவின் இறுப்பிட்டி என்ற ஊரில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத் தீவுகள் எதிலுமே ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழைதான் பெரும்பாலும் ஆண்டு முழுவதற்குமான நீர்.

● இத்தீவுகளின் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரை விட அடர்த்தி குறைந்தது. எனவே அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது.

● நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினாலே, அடியில் உப்புநீர் காலப்போக்கில் 4 மீற்றர் ஏறிவிடலாம்!

● அதனால்தான் கிணற்றை மிக ஆழமாக்குவதும், மோட்டார் பூட்டி ஓயாமல் இறைப்பதும் ஆபத்து. கிணறு உவராகிவிடும்.

● மாரிக்கு முன் குளம், கேணிகளைத் தூர்வாருவதும் வயல் வரம்பை உயர்த்துவதும் மழைநீரைக் கடலுக்கு ஓடவிடாமல் நிலத்துக்குள் இறக்கும். கரையோர அணைகள் கடல்நீர் வயலுக்குள் ஏறாமல் தடுக்கும்.

● வேலிப் பூவரசின் குழையைத் தோட்டத்தில் தாழ்ப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். மக்கிய குழை மண்ணுக்கு உரமாவதோடு ஈரத்தையும் பிடித்துவைக்கும்.