தாளம் தப்புதா? புது மைக் வாங்குறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்டைப் பண்ணிப் பாருங்க!

பாடும்போது செமயா இருந்த பாட்டு, ரெக்கார்டு பண்ணிக் கேட்டா மியூசிக்கோட ஒட்டவே மாட்டேங்குதா? ஸ்ருதி சரி, குரலும் நல்லா இருக்கு. ஆனா, எங்கேயோ இடிக்குது. உடனே பலரும் எடுக்கிற முடிவு, 'நல்ல மைக் வாங்கணும்' அல்லது 'நமக்கு மியூசிக் செட் ஆகாது'. பெரும்பாலும் ரெண்டுமே தேவையில்லை. பிரச்னை, டைமிங். அதைச் சரிபண்ண காசு வேண்டாம். தினமும் 10 நிமிஷம் போதும்.

தப்பு யார் மேல?

ஆடாசிட்டி, பேண்ட்லேப், கராஜ்பேண்ட் என எந்த ஆப்பாக இருந்தாலும் மெட்ரோனோம் க்ளிக்கை ஓடவிடுங்கள். ஹெட்போனில் அதைக் கேட்டபடி, ஒரு நிமிஷம் கைதட்டி ரெக்கார்டு செய்யுங்கள். பிறகு திரையைப் பெரிதாக்கி, க்ளிக் விழும் கோட்டையும் உங்கள் கைதட்டலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாத் தட்டும் ஒரே அளவு தள்ளி விழுந்திருந்தால், பெரும்பாலும் அது மெஷினின் தாமதம். ஒன்று முன்னாடி, ஒன்று பின்னாடி எனச் சிதறியிருந்தால், அது நம்ம தாளம். ரெண்டுக்கும் மருந்து வேற வேற!

மெஷின் பக்கம்

முதல் சந்தேகம், புளூடூத் இயர்பட்ஸ். பாட்டுக் கேட்க ஓகே, ரெக்கார்டிங்குக்கு நோ. 100 பிபிஎம் வேகத்தில் ஒரு பீட்டின் நீளம் 600 மில்லி செகண்ட். அதில் கால் பங்கு 150. பல புளூடூத் இயர்பட்ஸில் தாமதமே 100 மில்லி செகண்டைத் தாண்டிவிடும். அப்புறம் எப்படி தாளம் நிக்கும்? சாதாரண வயர் இயர்போனே போதும்.

கம்ப்யூட்டர் என்றால் 'பஃபர் சைஸ்' பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி செகண்ட் தாமதம். 128 என்றால் 3-க்கும் குறைவு. சத்தம் உள்ளே போக, வெளியே வர என இரண்டு பக்கமும் சேர்ந்தால் இது இன்னும் கூடும். அதனால், பாடும்போது குறைவாக வையுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். மிக்ஸிங்கின்போது அதிகமாக வைத்தால் தப்பில்லை.

நம்ம பக்கம்

நாம எங்கே தப்பு பண்றோம்னு பார்த்தா, அதுலயும் ஒரு பேட்டர்ன் இருக்கும். தெரிஞ்ச பல்லவி வந்ததும் உற்சாகத்தில் ஓடுவோம். கஷ்டமான சங்கதியில் இழுப்போம். மூச்சு எடுக்கும் இடத்தில் அடுத்த வரிக்கு லேட்டாக வருவோம். உங்கள் ரெக்கார்டிங்கில் இந்த மூன்று இடங்களையும் முதலில் தேடுங்கள்.

பிறகு இந்தப் பயிற்சிகள்:

* க்ளிக்கை மறைய வையுங்கள்: 60 பிபிஎம்மில் க்ளிக்கோடு கைதட்டுங்கள். தட்டு சரியாக அதன் மேல் விழுந்தால், க்ளிக் சத்தமே காணாமல் போன மாதிரி இருக்கும். தொடர்ந்து எட்டு முறை மறைய வைப்பதுதான் டார்கெட்.

* பாதி க்ளிக்: பாட்டு 90 பிபிஎம் என்றால் மெட்ரோனோமை 45-ல் வையுங்கள். நடுவில் இருக்கும் பீட்டை நீங்கதான் தாங்கணும்.

* எட்டு சத்தம், எட்டு மௌனம்: க்ளிக் டிராக்கில் எட்டு பீட் விட்டு எட்டு பீட்டை அழித்துவிடுங்கள். மௌனம் முடிந்து க்ளிக் திரும்பும்போது நீங்களும் அங்கே இருக்கிறீர்களா? ஓடுறீங்களா, இழுக்குறீங்களான்னு உடனே தெரிஞ்சுடும்.

கையிலேயே இருக்கு மெட்ரோனோம்

ஆதி தாளம் ஞாபகம் இருக்கா? ஒரு தட்டு, மூணு விரல், அப்புறம் தட்டு - வீச்சு ரெண்டு தடவை. மொத்தம் எட்டு. கர்னாடக சங்கீத வகுப்பில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொல்வது இதற்குத்தான். கையின் வேகம் மாறாது; ஸ்வரம் மட்டும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு எனக் கூடும். பீட்டுக்கு நடுவே இருக்கும் இடத்தை மனசு அளக்கப் பழகும்.

பாட்டு கத்துக்காதவங்களும் இதைச் செய்யலாம். பாடுவதற்கு முன், பாட்டின் நடைக்கு ஏற்ப 'தகதிமி' அல்லது 'தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒரு முறை முழுப் பாட்டையும் மனசுக்குள் ஓட்டுங்கள். பிறகு ரெக்கார்டு பட்டனைத் தட்டுங்கள்.

எடிட்டிங்ல பார்த்துக்கலாமா?

ஒன்றிரண்டு வார்த்தைகளை நகர்த்தலாம். ஆனா, குரலை வரிக்கு வரி வெட்டி ஒட்டினால் மூச்சு அறுபடும், உணர்வும் போயிடும். அந்த நேரத்தில் இன்னும் மூணு டேக் பாடிடலாம். முழுப் பாட்டாக வேண்டாம். நாலு நாலு வரியாகப் பாடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு வரி முன்னாடியிருந்தே பாடிக்கொண்டு வந்தால், சேரும் இடம் தெரியாது.

இன்று எடுத்த கைதட்டல் ரெக்கார்டிங்கைத் தேதி போட்டு சேவ் பண்ணி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே வேகத்தில் இன்னொன்று எடுத்து, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது மைக் வேணுமா, வேணாமான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம் பாஸ்!